இன்டர்நெட்டை இயக்கும் கோடில் 'சிக்கலை' அளப்பது எப்படி? 'கர்ல்' பிழை சொல்லும் பாடம்

மொபைலில் ஆப்பைத் திறக்கிறோம். அடுத்த நொடியே செய்தி, படம், வீடியோ எல்லாம் வந்துடுது. இதற்குப் பின்னால், சர்வரோடு பேசி டேட்டாவை வாங்கி வரும் ஒரு சாஃப்ட்வேர் வேலை செய்கிறது. அதன் கோடு எவ்வளவு சிக்கலாக இருக்கிறதோ, அதில் பிழை ஒளிந்துகொள்வதும் அவ்வளவு சுலபம்.

அந்தச் சிக்கலை எண்ணால் அளக்க முடியுமா? முடியும். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பலாமா? அங்கேதான் விஷயம் இருக்கு.

கர்ல் என்றால் என்ன?

இணையத்தில் இருந்து டேட்டாவை எடுக்கவும் அனுப்பவும் உதவும் இலவச சாஃப்ட்வேர் 'கர்ல்'. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998-ம் ஆண்டு முதல் இந்தப் பெயரில் இதை வெளியிட்டு வருகிறார். மொபைல், டிவி, கார், கேம் கன்சோல் என எதைத் தொட்டாலும் உள்ளே இது இருக்க வாய்ப்புண்டு. உலகம் முழுக்க 2,000 கோடிக்கும் மேற்பட்ட இடங்களில் இது இயங்குவதாக கர்ல் குழு மதிப்பிடுகிறது.

2023-ல் என்ன நடந்தது?

2023 அக்டோபர் 11-ம் தேதி கர்ல் 8.4.0 வெளியானது. 'சிவிஇ-2023-38545' என்ற பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யத்தான் அந்த வெளியீடு. குறை கோடுக்குள் நுழைந்தது 2020-ல். அதாவது மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கு.

'சாக்ஸ்5' என்ற இடைத்தரகர் சர்வர் வழியாக கர்ல் ஒரு தளத்தோடு இணையும்போது, அந்தத் தளத்தின் பெயரை அனுப்ப வேண்டும். பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதைவிட நீளமாக இருந்தால், 'இடைத்தரகரிடம் கொடுக்காதே, முகவரியை நீயே கண்டுபிடி' என்று கோடு முடிவெடுக்கும். அந்த முடிவை ஒரு தற்காலிக வேரியபிளில் குறித்துக்கொள்ளும்.

2020-ல் இந்த ஃபங்ஷன் மாற்றி எழுதப்பட்டது. அதுவரை பதில் வரும்வரை அங்கேயே காத்திருக்கும். மாற்றத்துக்குப் பிறகு, பதில் வரலைன்னா பாதியில் வெளியேறி, பதில் வந்ததும் மறுபடி உள்ளே வரும். மறுபடி வரும்போது அந்தத் தற்காலிகக் குறிப்பு அழிந்து, ஆரம்ப மதிப்புக்குத் திரும்பிவிடும். எடுத்த முடிவே மறந்துபோகும். விளைவு, இடம் போதாத பஃபரில் நீளமான பெயர் நிரம்பி வழியும். இடைத்தரகர் சர்வர் மெதுவாகப் பதில் தரும்போதுதான் இது நடக்கும் என்பதால், வழக்கமான சோதனைகளில் சிக்கவே இல்லை.

சிக்கலை எப்படி அளக்கிறார்கள்?

1976-ல் தாமஸ் மெக்கேப் என்ற அமெரிக்கர் ஒரு வழியைச் சொன்னார். பெயர்: 'சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டி'. பெயர்தான் பெருசு, கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு ஃபங்ஷனில் எத்தனை இடத்தில் 'இப்படியா, அப்படியா?' என்ற கேள்வி வருகிறது என்று எண்ணி, அதோடு 1 கூட்ட வேண்டும்.

கூரியர் டெலிவரியை எடுத்துக்கோங்க. வீடு பூட்டியிருக்கா? பணம் வாங்கணுமா? ஓடிபி கேட்கணுமா? மூன்று கேள்விகள். மதிப்பெண் 4. ஆனால் மூன்றுக்கும் ஆம், இல்லை என்று மாறி மாறிப் பதில் வந்தால் மொத்தம் 8 விதமான சூழ்நிலைகள். இதே மாதிரி 10 கேள்விகள் இருந்தால் மதிப்பெண் 11-தான், சூழ்நிலைகளோ 1,024. எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது.

ஒரு ஃபங்ஷனின் மதிப்பெண் 10-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்றார் மெக்கேப். இது கண்டிப்பான விதி அல்ல, ஒரு வழிகாட்டி. உயிர் சம்பந்தப்பட்ட சாஃப்ட்வேருக்கு 15 வரை என்று நாசா தன் விதிகளில் வரம்பு வைத்திருக்கிறது. 'பிஎம்கேப்', 'லிசார்ட்' போன்ற இலவசக் கருவிகள் இந்த மதிப்பெண்ணை நொடிகளில் கணக்குப் போட்டுத் தரும். கர்ல் குழுவும் தன் ஃபங்ஷன்களின் மதிப்பெண்ணைத் தொடர்ந்து கண்காணிக்கிறது.

நெட்வொர்க் கோடு மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

முதல் காரணம், டேட்டா ஒரே மூச்சில் வராது. துண்டு துண்டாக வரும், தாமதமாக வரும், பாதியில் நிற்கும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கிளை வேண்டும்.

இரண்டாவது, எதிர்முனையில் இருப்பது யார் என்று தெரியாது. பழைய சர்வராக இருக்கலாம், தப்பாகப் பதில் தரும் சர்வராக இருக்கலாம், திட்டமிட்டு ஏமாற்றுபவராகவும் இருக்கலாம்.

மூன்றாவது, ஐபிவி4, ஐபிவி6, பல வகை என்கிரிப்ஷன், பல வகை ஆபரேட்டிங் சிஸ்டம் என எல்லாவற்றையும் ஒரே கோடு சமாளிக்க வேண்டும்.

மதிப்பெண் குறைந்தால் பாதுகாப்பா?

அவசியம் இல்லை. 2014 ஏப்ரலில் உலகையே கலக்கிய 'ஹார்ட்பிளீட்' குறை நினைவிருக்கா? 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்ற என்கிரிப்ஷன் சாஃப்ட்வேரில் வந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கேபி வரை சர்வரின் நினைவகத்தில் உள்ளதை வெளியாட்கள் எடுக்க முடிந்தது. காரணம், 'கேட்கும் அளவுக்கு உண்மையில் டேட்டா வந்திருக்கா?' என்று சரிபார்க்க வேண்டிய ஒரு கேள்வி கோடில் இல்லை.

இங்கே கவனியுங்க. ஒரு கேள்வி விடுபட்டால் மதிப்பெண் குறையும். அதாவது குறையுள்ள கோடு, மதிப்பெண்ணில் நல்ல பிள்ளையாகத் தெரியும்! சரிசெய்தபோது மதிப்பெண் கூடத்தான் செய்யும்.

கர்ல் விஷயத்திலும் இதே கதைதான். ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் கிளைகளை மெக்கேப் முறை எண்ணும். அந்த ஃபங்ஷன் வெளியே போய்த் திரும்பி வரும்போது எது நினைவில் நிற்கும், எது அழியும் என்பதை எண்ணாது. அதனால் இந்த எண், காய்ச்சலைக் காட்டும் தெர்மாமீட்டர் மாதிரி. எங்கே உற்றுப் பார்க்கணும்னு சொல்லும். என்ன நோய் என்று சொல்லாது.

சிக்கலைக் குறைக்க என்ன வழி?

* பிரிப்பது: நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட ஃபங்ஷனை, ஒவ்வொன்றும் ஒரே வேலை செய்யும் சிறு ஃபங்ஷன்களாக உடைப்பது. பிரிக்கும் முன் சோதனைகளை எழுதி வைப்பது முக்கியம். மாற்றி எழுதும்போதுதான் புதுப் பிழை நுழையும் என்பதற்கு 2020 கர்ல் மாற்றமே சாட்சி.

* முதலிலேயே திருப்பி அனுப்புவது: தவறான டேட்டா என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவது. உள்ளே கிளைக்குள் கிளை வராது.

* தேர்வுகளைக் குறைப்பது: 'வயர்கார்டு' என்ற விபிஎன் சுமார் 4,000 வரிகளில் எழுதப்பட்டது. எந்த என்கிரிப்ஷன் என்று இரு முனைகளும் பேரம் பேசும் பகுதியே அதில் கிடையாது. ஒரே தொகுப்பு, அவ்வளவுதான். 2020-ல் லினக்ஸ் 5.6-ல் சேர்க்கப்பட்டது.

* வேண்டாததை நீக்குவது: அதிகம் பேர் பயன்படுத்தாத 'ஹைப்பர்' என்ற பகுதிக்கான ஆதரவை நீக்குவதாக 2024 டிசம்பரில் கர்ல் அறிவித்தது.

கர்ல் குறையை எப்படிச் சரிசெய்தார்கள்?

'பெயர் நீளமா? அப்போ நானே முகவரியைத் தேடுறேன்' என்ற மாற்றுப் பாதையையே தூக்கிவிட்டார்கள். இப்போது பெயர் 255 பைட்டைத் தாண்டினால் 'பிழை' என்று சொல்லி நிறுத்திவிடும். மறந்துபோகக்கூடிய அந்த முடிவையே எடுக்கத் தேவையில்லாமல் ஆகிவிட்டது. நல்லெண்ணத்தில் போட்ட ஒரு குறுக்குவழிதான் ஆபத்தாக மாறியிருந்தது.

நாம் என்ன செய்யணும்?

கோடு எழுதுபவர்கள் எவ்வளவு நல்லபடியாகச் சரிசெய்தாலும், அது நம் கருவிக்கு வந்து சேர்வது அப்டேட் வழியாகத்தான். மொபைலை அப்டேட் செய்கிறோம். ஆனால் வீட்டு வைஃபை ரவுட்டர், ஸ்மார்ட் டிவி, சிசிடிவி கேமராவை? பலர் வாங்கிய நாளோடு மறந்துடுறாங்க. செட்டிங்ஸில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்ற பகுதியை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்க. தயாரிப்பு நிறுவனம் அப்டேட் தருவதையே நிறுத்திவிட்ட பழைய கருவி என்றால், அதை இணையத்தில் இருந்து துண்டித்து வைப்பது நல்லது.