எழுபத்திரண்டில் ஒரு பங்கு

பிளாஸ்டிக் மாதிரி விமானம் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை ஒன்று உண்டு. உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்தால் மூக்கு பொருந்தும், வால் பொருந்தாது. வாலைப் பிடித்தால் மூக்கு விலகும். இறக்கையை வைத்துப் பார்த்தால் அதற்கும் உடலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். பெட்டியின் மேலுள்ள படத்தில் இந்த இடைவெளி இராது. ஆனால் இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1936இல் இங்கிலாந்தின் ஃபிரோக் நிறுவனம் 'பென்குயின்' என்ற பெயரில் பிளாஸ்டிக் விமானப் பெட்டிகளை விற்கத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் மற்ற விளையாட்டு விமானங்கள் பறந்தன, இவை பறக்கவில்லை. அதனால்தான் பறக்காத பறவையின் பெயர். 1 அங்குலத்துக்கு 6 அடி என்ற கணக்கில், உண்மை விமானத்தின் 72இல் ஒரு பங்கு. அவற்றை செலுலோஸ் அசிட்டேட்டில் வார்த்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் முறுகும். இன்று அப்படி ஒரு பெட்டி கையில் கிடைத்தால் இறக்கைகள் காய்ந்த வாழைமடல்போல வளைந்திருக்கலாம்.

அதே அளவையே 1942இல் அமெரிக்கக் கடற்படையும் எடுத்துக்கொண்டது. எதிரி விமானம் எது, தன் விமானம் எது என்று வீரர்களுக்குப் பழக்க, பள்ளி மாணவர்களிடம் 5,00,000 மாதிரிகள் கேட்டது. மாணவர்கள் மரத்தில் செதுக்கிக் கறுப்பு நிறம் பூசிக் கொடுத்தார்கள். அடையாளம் காண உருவரை மட்டும் போதும். 35 அடி தூரத்தில் அதைப் பிடித்துக் காட்டினால், உண்மை விமானத்தை அரை மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். வார்ப்புருவை வைத்துச் சரிபார்த்த பிறகே மாதிரிகளை ஏற்றுக்கொண்டார்கள். கோடு பிழைத்தால் நம்மவனையே சுட்டுவிடலாம்.

போருக்குப் பிறகு இது வியாபாரமானது. ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கலஸ் கோவ் 1939இல் தொடங்கிய எயார்ஃபிக்ஸ், 1949இல் ஃபெர்குசன் உழவு இயந்திரத்தின் சிறு மாதிரி ஒன்றைச் செய்தது. முதலில் அதைக் கையால் பூட்டி, ஃபெர்குசன் விற்பனையாளர்களுக்குக் கொடுத்தார்கள். பூட்டும் வேலைக்குச் செலவு கூட. பிறகு துண்டுகளாகவே வூல்வேர்த் கடைகளில் விற்றார்கள். இந்தப் பொழுதுபோக்கின் பொருளாதாரம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. தொழிற்சாலை செய்யவேண்டிய கடைசி வேலையை வாங்குகிறவன் காசு கொடுத்து ஏற்றுக்கொள்கிறான். துண்டுகள் பொருந்தாவிட்டால் அந்தப் பொருந்தாமையும் அவனுக்கே சொந்தம்.

பிறகு வந்த பாலிஸ்டைரீன், அசிட்டேட்டைப் போல முறுகுவதில்லை. ஆனால் அச்சுக்குள் ஆறும்போது ஏறத்தாழ 0.5 சதவீதம் சுருங்கும். 15 செ.மீ. நீளமான துண்டில் அது முக்கால் மில்லிமீட்டர். அச்சு செய்பவர் அதைக் கணக்கில் எடுத்து அச்சைப் பெரிதாக்கிவிடுவார். என்றாலும் தடித்த இடமும் மெல்லிய இடமும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. தடித்த இடத்தில் குழி விழும், மெல்லிய இடம் வளையும். அச்சுக்கும் வயதாகும். இரு பாதிகளின் விளிம்பு தேயத் தேய, உருகிய பிளாஸ்டிக் இடுக்கு வழியே கசிந்து பிசிறாக நிற்கும்.

அப்படி ஒரு பழைய அச்சில் வார்த்த இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை அண்மையில் கட்டினேன். செய்தவர்களின் பெயர் தேவையில்லை. இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி. சின்னதாகத் தோன்றும். 72ஆல் பெருக்கினால் உண்மை விமானத்தில் 7.2 செ.மீ.; கையையே நுழைக்கலாம்.

இங்கே பசையை எடுப்பதற்கு முன் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது. பிசிறைச் சீவி, கண்ணாடிமேல் அரத்தாளைப் பரப்பி, ஒட்டும் விளிம்புகளை அதில் தேய்த்து மட்டப்படுத்தவேண்டும். பிறகு ஒட்டுநாடாவால் கட்டிப் பார்க்கவேண்டும். பொருந்தாமையை இல்லாமல் செய்ய முடியாது, வேறு இடத்துக்குத் தள்ளத்தான் முடியும். ஆகவே அது எங்கே போய் நிற்கட்டும் என்று முதலிலேயே முடிவெடுக்கவேண்டும். விமானி இருக்கும் இடத்தில் நிற்கக் கூடாது. அங்கே கண்ணாடிக் கூரை வரும். அதைத் தேய்க்கவும் நிரப்பவும் கடினம். அங்கிருந்து ஒட்டத் தொடங்கி, பிழையை வாலை நோக்கித் தள்ளினேன். துண்டுகள் தொங்கிவந்த சட்டத்தில் ஒரு குச்சியை வெட்டி, உடலுக்குள் குறுக்கே முட்டுக்கொடுத்தேன். உடல் சற்று அகன்று இறக்கையைத் தொட்டது. இறக்கையின் மேற்பகுதியை முதலில் ஒட்டினேன். மிஞ்சிய இடைவெளி அடிப்புறத்துக்குப் போனது.

அகன்ற பிளவைப் பட்டி பூசி நிரப்பக்கூடாது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாக ஆவியாகப் பட்டி சுருங்கும். வண்ணம் காய்ந்த பிறகு அதே கோடு திரும்பவும் எட்டிப்பார்க்கும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் செருகவேண்டும். ஒட்டுத்திரவம் இரண்டையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். பிறகு தேய்த்தால் மூட்டு மறையும், கூடவே அதைச் சுற்றியுள்ள ஆணித்தலைப் புள்ளிகளும் மறையும். ஒன்றைச் சீராக்கினால் இன்னொன்று அழிகிறது.

இனி அச்சுகளின் பயணம். ஃபிரோக் 1970களில் ஓய்ந்தபோது அதன் அச்சுகளில் பெரும்பாலானவை சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. அங்கே வார்த்தவை நோவோ என்ற பெயரில் பிரித்தானியாவுக்குத் திரும்பி வந்தன. அந்தப் பெயர் மறைந்த பிறகும் அச்சுகள் ஓடின. 1991க்குப் பின்னரும் வெவ்வேறு பெயர்களில் அதே விமானங்கள் வெளிவந்தன. ஜெர்மனி, ஜப்பான் விமானங்களின் அச்சுகளை மட்டும் சோவியத் தரப்பு ஏற்கவில்லை; அவை ரெவல் நிறுவனத்துக்குப் போயின. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் போரில் இழந்த நாடு, எதிரியின் விமானத்தைப் பிள்ளைகளின் மேசைக்கு எடுக்க மறுத்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் அதனால் அந்தத் தொகுதியில் போர் எதிரியில்லாத போராகிவிட்டது. எந்தப் பட்டியும் நிரப்பாத இடைவெளி இது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கும் விமானத்தை அடையாளம் காண்பது உயிர்ப் பிரச்சினைதான். நாங்கள் அதைக் கண்ணால் அல்ல, காதால் படித்தோம். பொம்மரா, ஹெலியா, குண்டு போட வரும் சரக்கு விமானமான சகடையா என்று சத்தத்திலேயே பிரித்து, பதுங்குகுழிக்கு ஓடினோம். பெயர்களையும் நாங்களே வைத்தோம். எந்தப் பெட்டியிலும் அந்தப் பெயர்கள் அச்சாகவில்லை. பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் விமானியின் வரலாறு. கீழே நின்றவர்களின் வரலாற்றுக்கு அதில் துண்டுகள் இல்லை. புலம்பெயர்ந்த வீடுகளில் பிறந்த நம் பிள்ளைகள் இந்தப் பெட்டிகளை ஆசையாகத் திறக்கும்போது, அந்தத் துண்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

நான் கட்டும் விமானங்களில் மேற்புறத்தை நிரப்பித் தேய்த்து ஒழுங்காக்குகிறேன். அடிப்புறத்து மூட்டை அப்படியே விட்டுவிடுகிறேன். அச்சு எங்கே தேய்ந்தது, எங்கே விலகியது என்று அறிய விரும்புகிறவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம்.