தறியில் உட்கார்ந்திருந்தவள்

சீனாவின் ஃபுஜியான் கரையோரம் மெய்ஜோ என்றொரு தீவு. அங்கே 960இல் லின் குடும்பத்தில் ஒரு பெண் பிறந்தாள். பிறந்தபோது அழவில்லையாம், 'மோ', அதாவது மௌனம், என்று பெயர் வைத்தார்கள். மணம் செய்துகொள்ளாமலே 987இல் இறந்துபோனாள். கடலோடிகள் அவளை மாட்சூ என்று கும்பிடத் தொடங்கினார்கள். ('மாசு' என்றும் எழுதலாம், தமிழில் பொருள் கெட்டுவிடும்.)

அவளைப் பற்றிய கதைகளில் ஒன்று தறியில் நடக்கிறது. அப்பாவும் அண்ணன்மாரும் கடலில் புயலில் சிக்கியிருக்கிறார்கள். நெய்துகொண்டிருந்தவளின் கை நிற்கிறது, கண் மூடுகிறது. உயிர் மட்டும் கடலுக்குப் போய் அவர்களைப் பிடித்து இழுக்கிறது. மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்த அம்மா உலுக்கி எழுப்ப, பிடி நழுவி ஓர் அண்ணன் மூழ்கிப்போகிறான். சில ஊர்களில் மூழ்குவது அப்பா. அற்புதத்தைவிட அந்த உலுக்கலைத்தான் நான் நம்புகிறேன். தறியில் பெண்ணின் கை ஓய்ந்தால் வீடு அதை எப்படிப் பார்க்கும் என்பது காஞ்சிபுரத்தில் தார் சுற்றும் பெண்களுக்குத் தெரியும்.

பிறகு அரசு வந்தது. 1123இல் கொரியாவுக்குச் சென்ற தூதரின் கப்பலை அவள் காத்தாள் என்று அரசவை அவள் கோயிலுக்குப் பெயர்ப்பலகை அளித்தது. 1156இல் 'ஃபூரென்' ஆனாள். அதிகாரிகளின் மனைவியருக்குத் தரும் பட்டம் அது. 1190களில் அரசனின் துணைவியரைக் குறிக்கும் 'ஃபெய்'. குப்ளாய் கான் அவளைச் சொர்க்கத்தின் துணைவியாக்கினான். சிங் ஆட்சியில் சொர்க்கத்தின் பட்டத்தரசி. மணமாகாதவளை உயர்த்த மனைவியரின் பட்டங்களைத் தவிர அவர்களிடம் வேறெதுவும் இல்லை.

அந்தக் குப்ளாயைத் தமிழர்களுக்கும் தெரியும். சுவான்ஜோ துறைமுகத்தில் மாட்சூவுக்கு 1196இலேயே கோயில் எழுந்திருந்தது. அதே ஊரில் 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்து தமிழில் கல்வெட்டும் வைத்தார். கானின் உடல்நலத்துக்காக என்கிறது அந்தக் கல். அங்கு சென்ற வணிகர்களை வழியனுப்பிவிட்டுக் கரையில் காத்திருந்த பெண்கள் எந்தத் தெய்வத்தை வேண்டினார்கள் என்று எழுத யாரும் கல் தேடவில்லை.

பட்டங்களைக் கடலோடிகள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? தைவான் மக்களிடம் இருந்த ஒரு நம்பிக்கையை 18ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜாவோ யீ குறித்துவைத்தார். புயலில் 'சொர்க்கத்தின் துணைவியே' என்று கூப்பிட்டால் அவள் மகுடமும் பட்டாடையும் பூண்டுதான் வருவாள், நேரமாகும். 'மாட்சூ' என்று கூப்பிட்டால் தலையைக்கூட வாராமல் உடனே ஓடிவருவாள்.