தறிவீட்டுக்குள் ஒரு கேமரா

காஞ்சிபுரத்துத் தறியை நாம எல்லாரும் திரையில் பார்த்திருக்கோம். பட்டுக்கடை விளம்பரத்தில் பார்த்தோம். 2008-ல் பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தில், பிரகாஷ்ராஜ் நெசவாளராக நடித்தபோது பார்த்தோம். கேமரா மட்டும் எப்பவும் வெளியாள் கையில்தான்.

அப்படித்தான் இருக்கணும்னு விதி இல்லை. 1984-ல் அகமதாபாத்தில் ‘சேவா’ என்ற பெண் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு வீடியோ பயிற்சி தந்தது. கற்றுக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து மார்த்தா ஸ்டூவர்ட் வந்தார். கற்றவர்களில் காய்கறி விற்பவர்கள் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். தங்கள் பிழைப்பைத் தாங்களே படமெடுத்தார்கள். ‘வீடியோ சேவா’ பிறந்தது அப்படித்தான்.

நம்ம பக்கம் அந்தக் கதவு வானொலிக்குத்தான் திறந்தது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி வந்தது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாகணும் என்பது நிபந்தனை. டிவிக்கு அப்படியொரு உரிமம் வரவில்லை. ஊர்க் கேபிள் சேனலில் திருவிழா வரும், விளம்பரம் வரும். தறிக்காரர் அதில் பார்வையாளர் மட்டும்தான்.

நஷ்டம் என்னன்னா, கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேணும். ஒருகாலத்தில் அந்த இரண்டாவது ஆள் பல வீடுகளில் ஒரு குழந்தை. எந்தப் பட்டு விளம்பரமும் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாது. திருப்பியிருக்கக் கூடியவர்கள் தறிவீட்டுக்காரர்கள்தான். அவர்களிடம் கேமரா இல்லை.