கொலஸ்ட்ராலுக்கு அப்பால் என்ன? ஸ்டேட்டின்களின் பன்முக விளைவுகள் பற்றிய ஒரு மறுபார்வை

ஸ்டேட்டின் மருந்துகள் இரத்தத்தில் எல்.டி.எல். கொலஸ்ட்ராலைக் குறைக்கின்றன, அதன் பயனாக மாரடைப்பும் பக்கவாதமும் குறைகின்றன. இது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. இம்மருந்துகள் அதோடு நிற்பதில்லை, அழற்சியைத் தணிக்கின்றன, இரத்தக்குழாயின் உட்சுவருக்கு நலம் செய்கின்றன, இரத்தக் கட்டி உருவாவதைத் தடுக்கின்றன என்ற கருத்தும் மருத்துவ எழுத்துகளில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இவற்றைப் பன்முக விளைவுகள் என்கிறோம். அதிலிருந்து இன்னொரு எண்ணம் கிளைத்தது: பன்முக விளைவு மிகுந்த ஸ்டேட்டின் எதுவோ அதையே நோயாளிக்குத் தர வேண்டும் என்பது. செல் அளவில் இவ்விளைவுகள் மெய்யானவை. ஆனால் ஒரு ஸ்டேட்டினை விட்டு மற்றொன்றை எழுதிக் கொடுப்பதற்கு அவை காரணமாகா என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கருத்து பிறந்த இடம் உயிர்வேதியியல். ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோ 1973இல் பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையிலிருந்து காம்பாக்டினைப் பிரித்தெடுத்தார். அதே வகையைச் சேர்ந்த லோவாஸ்டேட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவையெல்லாம் எச்.எம்.ஜி.-கோ.ஏ. ரிடக்டேஸ் என்ற நொதியை மறிக்கின்றன. அந்த நொதி உண்டாக்கும் மெவலோனேட் கொலஸ்ட்ராலுக்கு மட்டும் மூலப்பொருள் அன்று. ஃபார்னெசில், ஜெரனைல்ஜெரனைல் எனும் ஐசோபிரினாய்டுகளும் அதிலிருந்தே வருகின்றன. ராஸ், ரோ, ராக் ஆகிய புரதங்கள் செல் சவ்வில் ஒட்டிக்கொண்டு வேலை செய்ய இந்த ஐசோபிரினாய்டு வால்கள் தேவை. வால் கிடைக்காவிட்டால் ரோ செயலிழக்கும். ரோ செயலிழந்தால் உட்சுவர்ச் செல்களில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நொதி பெருகும். குழாய் தளர்ந்து விரியும். ஸ்டேட்டினில் ஊறிய செல்லுக்கு ஜெரனைல்ஜெரனைலைத் திருப்பிக் கொடுத்தால் இந்த விளைவு மறைந்துவிடுகிறது. கொலஸ்ட்ராலைத் திருப்பிக் கொடுத்தால் மறைவதில்லை. அழகான, தெளிவான சான்று இது. குறை ஒன்றே: இத்தகைய சோதனைகள் பலவற்றில் பயன்படுத்திய மருந்துச் செறிவு, மாத்திரை விழுங்கியவரின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

மனிதரிடம் நடந்த சிறு ஆய்வுகளும் உண்டு. 2005இல் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு ஒரு குழுவில் சிம்வாஸ்டேட்டினும் மறு குழுவில் ஸ்டேட்டின் அல்லாத எசிட்டிமைபும் கொடுத்தனர். எல்.டி.எல். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. உட்சுவரின் செயல்பாடு சிம்வாஸ்டேட்டின் குழுவில் மட்டும் மேம்பட்டது. ஆனால் குழாய் விரிவடைவதை அளப்பது ஒன்று, மாரடைப்பு குறைவது வேறொன்று.

பன்முகக் கருத்தின் பெருந்தூணாக இருப்பது 2008இல் வெளிவந்த ஜூப்பிட்டர் ஆய்வு. எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 130 மி.கி.க்குக் கீழே, ஆனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 2 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றிருந்த 17,802 பேரை அது சேர்த்தது. ரோசுவாஸ்டேட்டின் 20 மி.கி. எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். பாதியாகவும் சி.ஆர்.பி. 37 சதவீதமும் குறைந்தன. இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் 44 சதவீதம் குறைந்தன. பல ஆய்வுகளைத் திரட்டிய பகுப்பாய்வுகள், எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 39 மி.கி. குறையும்போது பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைவதாகக் காட்டியிருந்தன. அந்தக் கணக்கில் ஜூப்பிட்டரில் 25 சதவீதத்தை ஒட்டித்தான் எதிர்பார்க்க முடியும். எஞ்சியது அழற்சி குறைந்ததன் பயன் என்று பலர் எழுதினர்.

எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. ஜூப்பிட்டரில் சி.ஆர்.பி. குறைவாக உள்ளவர்கள் சேர்க்கப்படவே இல்லை. ஒப்பிட ஆளில்லாமல் சி.ஆர்.பி.யின் பங்கை எப்படிப் பிரித்தறிவது? மேலும் அந்த ஆய்வு சராசரியாக 1.9 ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. நற்பயன் தெரிந்ததும் முன்கூட்டியே நிறுத்தப்படும் ஆய்வுகள் பயனைப் பெரிதாக்கிக் காட்டும் இயல்புடையவை. விடை பின்னர் கிடைத்தது. 2016இல் வந்த ஹோப்-3 ஆய்வு, அதே ரோசுவாஸ்டேட்டினை 10 மி.கி. அளவில், சி.ஆர்.பி. நிபந்தனை ஏதுமின்றி 12,705 பேருக்குத் தந்தது. நிகழ்வுகள் 24 சதவீதம் குறைந்தன, சி.ஆர்.பி. கூடியவருக்கும் குறைந்தவருக்கும் பயன் ஒத்தே இருந்தது. சிம்வாஸ்டேட்டினை 20,536 பேரிடம் சோதித்த பிரிட்டனின் இதயப் பாதுகாப்பு ஆய்விலும் அப்படியே.

அடிப்படைச் சிக்கல் இதுதான்: ஒரே நொதியை மறிக்கும்போது இரு விளைவுகளும் ஒன்றாகவே வருகின்றன. ஸ்டேட்டின் ஆய்வுக்குள்ளேயே நின்று அவற்றைப் பிரிக்க முடியாது. எனவே அந்த நொதியைத் தொடாமல் எல்.டி.எல்.லைக் குறைக்கும் வழிகளைப் பார்க்க வேண்டும். 1990இல் முடிவு வெளியான போஷ் ஆய்வில் குடலின் ஒரு பகுதியை அறுவை மூலம் விலக்கி எல்.டி.எல்.லைக் குறைத்தனர்; மாரடைப்பும் இதய மரணமும் குறைந்தன. இம்ப்ரூவ்-இட் ஆய்வில் சிம்வாஸ்டேட்டினோடு எசிட்டிமைப் சேர்த்தபோது எல்.டி.எல். 69.5இலிருந்து 53.7 ஆனது, நிகழ்வுகள் குறைந்த அளவு ஸ்டேட்டின்களின் கணக்குக்குள்ளேயே அடங்கியது. எவோலோகுமாப் ஊசி 2017இன் ஃபூரியர் ஆய்வில் எல்.டி.எல்.லை 92இலிருந்து 30க்குக் கொண்டுவந்து நிகழ்வுகளை 15 சதவீதம் குறைத்தது, சி.ஆர்.பி.யை அது அசைக்கவே இல்லை. மரபணுச் சான்று இதைவிடக் கூர்மையானது. ஸ்டேட்டின் மறிக்கும் நொதியின் மரபணுவில் மாற்றம் உடையவர்களையும், அந்த ஊசி குறிவைக்கும் பி.சி.எஸ்.கே.9 புரதத்தின் மரபணுவில் மாற்றம் உடையவர்களையும் 2016இல் ஒப்பிட்டனர். எல்.டி.எல்.லில் ஒவ்வொரு 10 மி.கி. குறைவுக்கும் ஆபத்து இரு சாராரிடமும் ஏறக்குறைய 19 சதவீதம் குறைந்திருந்தது. அந்த நொதிக்குத் தனிப் பயன் இருந்தால் இங்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

மறுபக்கச் சோதனையும் நடந்துவிட்டது. எல்.டி.எல். முதற்காரணமாக இல்லாத நோய்களில் ஸ்டேட்டின் பயன் தந்தால் அது பன்முக விளைவாகத்தான் இருக்கும். இதயச் செயலிழப்பு உள்ள 5,011 முதியவர்களிடம் நடந்த கொரோனா ஆய்வில் (2007, பெருந்தொற்றோடு தொடர்பில்லாத பெயர்) ரோசுவாஸ்டேட்டின் சி.ஆர்.பி.யை ஜூப்பிட்டரைப் போலவே நன்றாகக் குறைத்தது. முதன்மை இலக்கில் வேறுபாடு வரவில்லை. டயாலிசிஸ் நோயாளிகளிடம் அரோராவும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் ஸ்டேட்கோப்பும், தொற்றால் நுரையீரல் பழுதடைந்தவர்களிடம் செயில்ஸும் வெறுங்கையோடு முடிந்தன. மிகவும் எதிர்பார்க்கப்பட்டது தொடர்ந்து முற்றும் வகை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில். 2014இன் சிறு ஆய்வில் சிம்வாஸ்டேட்டின் 80 மி.கி. மூளை சுருங்கும் வேகத்தைக் குறைத்திருந்தது. 964 பேரைக் கொண்ட அடுத்த பெரிய ஆய்வு 2024இல் முடிவை அறிவித்தபோது, ஊனம் முற்றுவது தள்ளிப்போகவில்லை. வேறு மருந்து அதிகம் இல்லாத நோயாளிகள் நம்பியிருந்த வழி அது.

அழற்சி முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எல்.டி.எல்.லைத் தொடாமல் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் தடுத்த கனகினுமாப், 2017இன் கான்டோஸ் ஆய்வில் நிகழ்வுகளை 15 சதவீதம் குறைத்தது. அழற்சியைக் குறிவைக்க வேண்டுமானால் அதற்குரிய மருந்து வேண்டும்.

அப்படியானால் ஸ்டேட்டின்களுக்கிடையே வேறுபாடே இல்லையா? உண்டு, வேறு இடத்தில். பிராவாஸ்டேட்டின் 40 மி.கி. எல்.டி.எல்.லில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். அடோர்வாஸ்டேட்டின் 80 பாதியைக் குறைக்கும். சிம்வாவும் அடோர்வாவும் கல்லீரலின் சிப்-3ஏ4 நொதி வழியே சிதைவதால் கிளாரித்ரோமைசின் போன்றவற்றோடு சேரும்போது தசைச் சிதைவு ஆபத்து கூடும். பிராவாவுக்கும் ரோசுவாவுக்கும் அந்த வழி முக்கியமில்லை. இந்திய வம்சாவளியினர் உட்பட ஆசியரின் இரத்தத்தில் ரோசுவாஸ்டேட்டின் அளவு இருமடங்காகிறது என்பதால் அமெரிக்க மருந்துக் குறிப்பு 5 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறது. நம் மருத்துவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே.

கொலஸ்ட்ராலுக்கு அப்பால் நிறுவப்பட்ட விளைவு என்று எண்ணத்தக்கது நீரிழிவுதான். 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டேட்டின் எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக நீரிழிவு வரும் என்று 2010இன் திரட்டாய்வு கணக்கிட்டது. தவிர்க்கப்படும் இதய நிகழ்வுகளோடு வைத்துப் பார்த்தால் ஏற்கத்தக்க விலை. 2023இல் வெளிவந்த கொரியாவின் லோட்ஸ்டார் ஆய்வு, இதயத் தமனி நோயுள்ள 4,400 பேரிடம் ரோசுவாவையும் அடோர்வாவையும் மூன்றாண்டுகள் நேருக்கு நேர் ஒப்பிட்டது. நிகழ்வுகள் 8.7 சதவீதம், 8.2 சதவீதம்: வேறுபாடில்லை. மருந்து தேவைப்பட்ட புதிய நீரிழிவு ரோசுவாவில் 7.2, அடோர்வாவில் 5.3 சதவீதம்.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான சான்று ரிப்ரீவ். எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் பிட்டாவாஸ்டேட்டின் நிகழ்வுகளை 35 சதவீதம் குறைத்தது, எல்.டி.எல். 107இலிருந்து 74க்கு இறங்கியதை வைத்து எதிர்பார்க்கத்தக்கதைவிட இது அதிகம். தொடர் அழற்சியோடு வாழ்பவர்களிடம் ஸ்டேட்டின் வேறுவிதமாகச் செயல்படக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதுவும் முன்கூட்டியே நிறுத்தப்பட்ட ஆய்வு. அதன் பிழை எல்லை 10இலிருந்து 52 சதவீதம்வரை விரிகிறது, எதிர்பார்த்த எண்ணும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நடைமுறைக்குப் பொருத்தமான விடையை 2022இன் ரேசிங் ஆய்வு தருகிறது. ரோசுவாஸ்டேட்டின் 20 மி.கி.யைத் தனியாகவும், அதில் பாதியை எசிட்டிமைபோடு சேர்த்தும் 3,780 பேரிடம் ஒப்பிட்டனர். ஸ்டேட்டினின் தனிப் பயன் அளவோடு கூடுவதாக இருந்தால் பாதி அளவு தோற்றிருக்க வேண்டும். மூன்றாண்டு முடிவில் இணைப்பில் 9.05 சதவீதம், தனி மருந்தில் 9.87 சதவீதம் நிகழ்வுகள். ஒவ்வாமல் மருந்தை நிறுத்தியவர்களும் அளவைக் குறைத்தவர்களும் இணைப்பில் 4.8, தனி மருந்தில் 8.2 சதவீதம். முழு அளவு ஒத்துக்கொள்ளாத நோயாளிக்கு அளவைப் பாதியாக்கி எசிட்டிமைப் சேர்ப்பதால், பன்முக விளைவு போய்விடுமே என்று மருத்துவர் அஞ்ச வேண்டியதில்லை.