கிழித்த பத்து பவுண்டு

2016இல் அலுவலக வேலையாக இரண்டு மாதம் லண்டனில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக் லேனில் ஒரு சின்னக் கடையில் 60 பவுண்டு கொடுத்து ஒரு படம் வாங்கினேன். அதிகம் பேர் அறியாத ஒரு தெருவோவியருடையது. மூலையில் பென்சிலால் 83/100 என்று எழுதியிருந்தது. எல்லாம் ஸ்கிரீன் பிரிண்ட், ஆனால் இந்தச் சிவப்பு மட்டும் ஒவ்வொரு பிரதியிலும் அவரே கையால் ஸ்ப்ரே அடித்தது என்றார் கடைக்காரர். ஊருக்கு வந்து சுவரில் மாட்டியதும் மனைவி கேட்டாள்: "பிரிண்ட்தானே? இதுக்கா ஐயாயிரம்?"

சட்டென்று பதில் வரவில்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

செம்புத் தகட்டில் கீறி அச்சடித்த காலத்தில் பிரதிகளுக்கு வரம்பு இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அடிக்க அடிக்கத் தகடு தேயும். முதலில் எடுத்த பிரதிதான் துல்லியமாக இருக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அந்தத் தேய்மானம் ஒரு பொருட்டே இல்லை. நம்மூரில் கல்யாணப் பத்திரிகையும் மஞ்சப்பையும் அடிக்கிற அதே முறைதான்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, நிறத்துக்கு ஒன்று; ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் வேலை முடிந்தது. 100 அடிக்கலாம், தேவையென்றால் 1,000 அடிக்கலாம். நூறோடு நிறுத்துவது மனிதர் எடுக்கும் முடிவு.

ஆனால் தெருவோவியத்துக்கு இந்த முறை ஒட்டவைத்தது அல்ல. போலீஸ் வருவதற்குள் சுவரில் படம் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் பேங்க்ஸி அட்டையை வெட்டி ஸ்டென்சில் செய்தார். ஸ்கிரீனும் ஒரு ஸ்டென்சில்தான், வலையில் ஒட்டிய ஸ்டென்சில். எண்ணெய் ஓவியத்தைப் புகைப்படமெடுத்து அடித்தால் அது நகல். ஸ்டென்சிலுக்கு ஏது மூலம்?

2002இல் அவர் வெளியிட்ட ஆரம்பகால பிரிண்டுகளில் ஒன்று 'ரூட் காப்பர்': நடுவிரலைக் காட்டும் லண்டன் போலீஸ்காரர். 250 பிரதிகள். அவற்றில் சிலவற்றின் பின்னணியில் மட்டும் கையால் ஸ்ப்ரே அடித்தார். இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அந்தச் சிலவற்றைத்தான். மறுவருடம் 'பிக்சர்ஸ் ஆன் வால்ஸ்' என்ற அச்சகம் தொடங்கியது. கேலரிக்குள் காலடி வைக்காத ஆட்களும் வாங்கக்கூடிய விலை என்பதே அதன் நோக்கம். 2004இல் வந்த பலூன் சிறுமி, கையெழுத்துப் போட்டது 150, போடாதது 600. வாட்டர்லூ பாலத்தடியில் அவர் வரைந்த பலூன் சிறுமி பெயின்டுக்கு அடியில் மறைந்து போனாள். காகிதத்தில் இருப்பவள் ஏலத்துக்கு ஏலம் கைமாறுகிறாள்.

விலை ஏறியதும் போலிகள் வந்தன. முகம் காட்டாத ஒருவரின் கையெழுத்தை யார் உறுதி செய்வது? 2008இல் 'பெஸ்ட் கன்ட்ரோல்' என்ற அலுவலகம் வந்தது. நம்மூர் ஈ.பி. ஆபீஸ் மாதிரி, விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அவர்கள் தரும் சான்றிதழில் பாதியாகக் கிழித்த ஒரு பத்து பவுண்டு நோட்டை ஸ்டேப்ளர் பின் அடித்து இணைத்திருப்பார்கள். அதில் கையால் எழுதிய எண். மறுபாதி அவர்களிடம். இரண்டு பாதியும் எண்ணும் பொருந்தினால்தான் படம் அசல்.

மென்பொருள்காரனுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டு பங்காகப் பிரித்த ரகசியச் சாவி, காகிதத்தில்! கிழிசலின் ஓரத்தை எந்த இயந்திரத்தாலும் திரும்ப உருவாக்க முடியாது. வழிப்பறிக்குப் பயந்த பழைய இங்கிலாந்து வணிகர்களும் நோட்டைப் பாதியாக வெட்டி இரண்டு தபாலில் அனுப்பினார்கள். ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு: அந்தப் பத்து பவுண்டு கள்ள நோட்டு. ராணிக்குப் பதில் டயானா முகம், 'பேங்க்ஸி ஆஃப் இங்கிலாந்து' என்ற எழுத்து. 2004இல் கூட்டத்துக்குள் வீசுவதற்காக அவரே அடித்தது. கள்ள நோட்டுதான் ஓவியத்துக்குச் சாட்சி. 2019இல் அதில் ஒன்றை பிரிட்டிஷ் மியூசியம் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

சுவரில் வரைந்ததற்கு மட்டும் பெஸ்ட் கன்ட்ரோல் சான்றிதழ் தருவதில்லை. தெருவில் இருப்பது தெருவில்தான் இருக்க வேண்டும் என்பது நிலைப்பாடு. இருந்தும் சிலர் சுவரையே அறுத்தெடுத்து விற்கப் பார்க்கிறார்கள்.

அச்சகம் 2017 முடிவோடு மூடப்பட்டது. தங்கள் கலைஞர்கள் ஜெயித்ததுதான் கேடாகிவிட்டது என்கிற தொனியில் ஒரு அறிவிப்பு விட்டார்கள். அடுத்த அக்டோபரில் சோதபீஸ் ஏலத்தில் பலூன் சிறுமியின் கேன்வாஸ் ஒன்று சுமார் 10 லட்சம் பவுண்டுக்குப் போனது. சுத்தியல் தட்டிய கையோடு சட்டத்துக்குள் ஒளித்திருந்த இயந்திரம் படத்தைப் பாதிவரை கிழித்தது. அதற்கும் புதுப் பெயரில் புதுச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2021இல் அது மறுபடி ஏலத்துக்கு வந்தபோது விலை 1 கோடியே 85 லட்சம் பவுண்டு. அவர் கேலி செய்வார், சந்தை அதையும் விலை போட்டு வாங்கிக்கொள்ளும். இதில் அவருக்குக் கோபமா லாபமா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

என் படத்துக்குச் சான்றிதழ் கிடையாது. ஒருமுறை இணையத்தில் அதன் 41ஆம் பிரதி விற்பனைக்கு வந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் சிவப்பு சுத்தமாக நின்றிருந்தது. என்னுடையதில் அவர் கை ஒரு நொடி தாமதித்திருக்க வேண்டும். ஒரு கோடு வழிந்து 83இன் தலையைத் தொட்டிருக்கிறது. அதை மனைவிக்குக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் ஜன்னல் பக்கம் கை காட்டி, "அதுமேல வெயில் படுது, எடத்த மாத்து" என்றாள்.