காரும் காலமும்: ஊவாத் தோட்டப் புகைப்படங்களுக்கு ஆண்டு குறித்தல்

கல்வெட்டில் ஆட்சியாண்டு சிதைந்திருந்தால் எழுத்தமைதியை வைத்துக் காலம் கணிப்பது தமிழ் ஆய்வுலகுக்குப் பழகிய வழி. இலங்கையின் ஊவாத் தோட்டங்களின் பழைய புகைப்படங்களுக்கும் அப்படியொரு வழி தேவைப்படுகிறது. பெரும்பாலான படங்களின் பின்புறத்தில் ஆண்டு இல்லை. நிற்பவர் யார் என்ற குறிப்பும் இல்லை. ஆனால் அவற்றில் பலவற்றில் ஒரு மூலையிலேனும் ஒரு வாகனம் நிற்கிறது. துரையின் கார், தோட்டத்து டாக்டரின் கார், பெரிய கங்காணி வாங்கிய கார், கலியாணத்துக்கு வாடகைக்குப் பிடித்த கார், கொழுந்து லொறி என்று எதுவாகவும் இருக்கலாம். அது எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, எந்த ஆண்டுகளில் உற்பத்தியானது என்று சரியாக இனங்கண்டுவிட்டால் படத்துக்கு ஒரு மேல் எல்லை கிடைக்கிறது: அந்த வண்டி பிறப்பதற்கு முன் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. பழைய கார்களை இனங்காணும் திறமையை வாகனப் பிரியர்களின் பொழுதுபோக்காக மட்டும் விட்டுவிடாமல், மலையக வரலாற்றாய்வு அதைத் தன் கருவிகளுள் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். கருவி கூர்மையானது என்பதால், அதைப் பிடிக்கும் முறையிலும் கவனம் வேண்டும்.

இந்தத் தேவையின் அவசரத்தை மீரியபெத்த உணர்த்தியது. கொஸ்லந்தைக்கு அருகே, அம்பிட்டிகந்த தோட்டத்தின் மீரியபெத்த டிவிசனில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்களோடு ஒப்பிட்டுப் பேசக்கூடிய இழப்பு வேறெதுவும் இல்லை. ஆயினும் வரலாற்றாய்வாளர் சொல்லியாக வேண்டிய இன்னோர் இழப்பும் உண்டு. லயத்து வீடொன்றில் குடும்பத்தின் ஆவணக்காப்பகம் என்பது ஒரு தகரப் பெட்டியும் சுவரில் மாட்டிய சில படங்களும்தான். வீடு போனால் அவையும் போகும். இனி அந்த லயங்களின் பழைய முகத்தைத் தேட வேண்டுமானால் வெளியே போயிருக்கும் பிரதிகளைத்தான் தேட வேண்டும்: பதுளை, பண்டாரவளை உறவினர் வீடுகளில், நீலகிரிக்குப் போனவர்களிடத்தில், தாயகம் திரும்பிய துரைமார் குடும்பங்களின் ஆல்பங்களில். இப்படிக் கிடைக்கும் படம் தன் சூழலிலிருந்து பிரிந்து வருகிறது. அதைச் சொல்லித் தரக்கூடிய பெரியவர் பக்கத்தில் இல்லை. படத்துக்குள் இருப்பதைக் கொண்டே படத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆண்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். மலையகத் தமிழருக்கு ஆண்டு ஒருபோதும் வெறும் எண்ணாக இருந்ததில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர், 1946 ஜனவரி 1க்கு முன் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு. அந்தக் காலத்தில் இருப்பை நிறுவக் காகிதம் இல்லாமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வைத்திருக்கும் படத்துக்கு ஓர் ஆண்டு குறிப்பது, அந்தக் குடும்பம் எந்தக் காலத்தில் எங்கே நின்றது என்று குறிப்பதாகும்.

இனி முறைக்கு வருவோம். பழைய காரை இனங்காண்பவர் முதலில் பார்ப்பது முகத்தை. 1940கள் வரை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ரேடியேட்டரின் வடிவத்தையே கையெழுத்தாக வைத்திருந்தார்கள். மொரிஸின் உருண்டை மூக்கு 1926உடன் தட்டையாகிவிட்டது. போர்ட் மொடல் டி கார்களில் பித்தளை ரேடியேட்டர் 1916 வரைதான். 1917 மாதிரியிலிருந்து கறுப்பு. வொக்ஸ்ஹோல் பொனட்டின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் பள்ளம், வூல்ஸ்லியின் ரேடியேட்டர் உச்சியில் 1930களின் தொடக்கத்திலிருந்து இரவில் ஒளிர்ந்த சின்னம் போன்றவை படம் மங்கியிருந்தாலும் தெரியும். முகம் மறைந்திருந்தால் சக்கரத்தின் ஆரங்கள், கதவுக் கீல் முன்னா பின்னா, பொனட்டின் பக்கவாட்டில் காற்று போக வெட்டிய பிளவுகளின் எண்ணிக்கை, மட்கார்ட்டின் வளைவு என்று தேடல் நகரும்.

அரிய கார் இங்கே தனிப் பயன் தருகிறது. பல ஆண்டு ஓடிய மாதிரியைவிடச் சில ஆண்டே உற்பத்தியான மாதிரி நெருக்கமான எல்லை தரும். பிராட்போர்டில் தயாரான ஜோவெட் ஜவலின் 1947 முதல் 1953 வரைதான் வந்தது. கிளைனோ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1929இல் மூடப்பட்டது. அதன் வண்டி எதுவும் அதற்குப் பிறகு பிறந்திருக்க முடியாது. ஆனால் அரிய பெயர் ஆசையையும் தூண்டும். ஜவலினும், ஸ்டாண்டர்ட் வான்கார்டின் முதல் வடிவமும் பின்புறம் சரிந்து இறங்கும் உடல் கொண்டவை. பாதி மறைந்த படத்தில் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது, அரியதையே தேர்ந்துகொள்வது அதைவிட எளிது. இதில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. வான்கார்டின் அந்த வடிவமும் 1947இல் தொடங்கி 1953இல் முடிந்தது. பெயர் பிழைத்தாலும் ஆண்டு பிழைக்கவில்லை. எல்லாச் சோடிகளும் இப்படிக் கருணை காட்டுவதில்லை. ஆகவே ஆய்வேட்டில் எழுத வேண்டியது பெயரை மட்டுமல்ல, எந்த அடையாளத்தைப் பார்த்து அந்தப் பெயர் சொல்லப்பட்டது என்பதையும்தான்.

ஒரு படத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ஊவாத் தோட்டங்களில் பார்க்கக் கூடிய வகைதான்: கிளாக்கர் குவார்ட்டர்சுக்கு முன்னால் ஒரு மொரிஸ் மைனர், அதன் மட்கார்ட்டில் ஒரு கையை ஊன்றியபடி வெள்ளைச் சட்டைக்காரர், பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்த பெண். மைனர் 1948இல் வந்து, 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான வண்டி. அதை இனங்காண நிபுணர் வேண்டாம். நிபுணர் வேண்டியது அடுத்த அடிக்கு. முதல் மைனர்களில் ஹெட்லைட் கீழே, கிரில்லுக்குள் இருந்தது. 1951க்குள் மட்கார்ட்டின் மேலே ஏறிவிட்டது. 1954 ஒக்டோபரில் கிரில் மாறியது: துருவுபலகை போன்ற பழைய முகப்பு போய்க் கிடையான பட்டிகள் வந்தன. 1956 ஒக்டோபரில் மைனர் 1000 வந்தபோது நடுவில் கம்பி வைத்துப் பிரித்த முன்கண்ணாடி ஒரே கண்ணாடியானது. நம் படத்தில் கிடைப்பட்டிக் கிரில்லும் பிரித்த கண்ணாடியும் சேர்ந்து இருந்தால், வண்டி அந்த இரண்டு ஆண்டுக்குள் செய்யப்பட்டது. மக்கள் வண்டி என்று அலட்சியமாகக் கடந்துபோகும் கார், கவனித்துப் பார்த்தால் அரிய காரைவிட நெருக்கமான எல்லை தருகிறது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கார் 1955 என்றால் படமும் 1955 என்று எழுதிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் இது பல நேரம் சிறு பிழை; இலங்கையில் பெரும் பிழை. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்திலேயே கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977க்குப் பின்பே கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டியதே நாட்டின் வழக்கம். 1955 மைனர் 1975இலும் பதுளை வீதியில் புதுப் பெயின்ட்டோடு நின்றிருக்கலாம். பழுதுபார்ப்பு என்பது பாகம் மாற்றுவதும்தான். இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்தோடு இணைந்து, 1990களில் இலங்கையிலேயே மைனரின் உடற்பாகங்கள் செய்யப்பட்டன. அப்படியிருக்க, கிரில்லை மட்டும் பார்த்து ஆண்டு சொல்வது ஆபத்து. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று அடையாளங்கள் ஒரே காலத்தைக் காட்டும்போதுதான் மேல் எல்லையை உறுதியாகச் சொல்லலாம். கீழ் எல்லையைக் கார் தராது. அதற்கு உடை, கட்டடம், அச்சுத்தாள் ஆகியவற்றிடம் போக வேண்டும்.

இடமும் சாட்சி சொல்லும். ரயில் அப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்துவிட்டாலும், பதுளைக்கு 1924இல்தான் வந்தது. பதுளை ஸ்டேஷன் முன்னால் நிற்கும் காரின் ரேடியேட்டர் பித்தளையாகவே இருந்தாலும், படம் 1924க்கு முந்தியதல்ல. பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்கும் வீதியில் தியலும நீர்வீழ்ச்சியைப் பின்னணியாக்கி எடுத்த படங்களில் அருவி மாறுவதில்லை. வீதியின் விளிம்புக் கல்லும் மதகும் மாறும். அவற்றை வரிசைப்படுத்தும் வேலை இன்னும் செய்ய வேண்டியதாகவே இருக்கிறது.

இலக்கத் தகடு இவை எல்லாவற்றையும்விடத் தமிழ் வாசகருக்கு நெருக்கமான சான்று. ஒரு காலத்தில் 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைச் சோடி சேர்த்து (சி.ஈ., சி.எல்., சி.என்., சி.ஒய்., ஈ.எல்., ஈ.என்., ஈ.ஒய். என்றவாறு) பதிவிலக்கம் கொடுத்தார்கள். 1957 தொடக்கத்தில் சிங்கள 'ஸ்ரீ' நடைமுறைக்கு வந்தது. ஆகவே சிங்கள ஸ்ரீ தெரியும் படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. மறுதலை செல்லாது: முன்பே பதிவான வண்டி பழைய இலக்கத்தோடே ஓடியது. தமிழரசுக் கட்சியின் ஸ்ரீ எதிர்ப்பு இயக்கத்தில் தமிழ் ஸ்ரீ எழுதிய தகடும், தார் பூசிய தகடும் வந்தன. அப்படி ஒரு தகடு படத்தில் தெரிந்தால் காலம் 1957, 1958ஐச் சுற்றி நெருங்கிவிடும். அங்கே ஆய்வாளர் காரை விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பதே முறை. அவர் சட்டத்தை மீறி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏற்கெனவே எழுதப்பட்ட ஆண்டுகளையும் சோதிக்க வேண்டும். இலங்கைக்கு வந்த முதல் கார் 1902இல் இறக்குமதியான 8 குதிரைத்திறன் ரோவர் என்று பத்திரிகைக் கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ரோவர் தன் முதல் காரான அந்த 8 குதிரைத்திறன் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1904இல். 1902இல் அது அறிமுகப்படுத்தியது மோட்டார் சைக்கிள். ஆண்டோ பெயரோ இரண்டில் ஒன்று தவறு. பிரிட்டனில் 1930இல் தொடங்கிய வெட்டரன் கார் கிளப், 1905க்கு முந்திய வண்டிகள் மட்டும் ஓடும் லண்டன்–பிரைட்டன் ஓட்டத்துக்காக ஒவ்வொரு வண்டியின் ஆண்டையும் பாகம் பாகமாக விசாரிக்கிறது. வண்டிக்குக் காட்டும் அந்தக் கண்டிப்பை நாம் வண்டி நிற்கும் படத்துக்குக் காட்டலாம். ஆனால் வெளிநாடுகளில் தயாரான கையேடுகளை அப்படியே பின்பற்றினால் சிக்கல் வரும். பிரிட்டன் தவிர்ந்த பேரரசு நாடுகளுக்குப் போர்ட் வண்டிகள் கனடாவிலிருந்து, வலப்பக்க ஸ்டீயரிங்கோடு அனுப்பப்பட்டன. அமெரிக்கக் கையேட்டில் உள்ள கதவமைப்பு நம் படத்து வண்டியோடு பொருந்தாமல் போனால் வண்டி போர்ட் அல்ல என்று முடிவுகட்டக் கூடாது.

மலையகத் தமிழர் பலர் இந்தியாவுக்குத் திரும்ப வழிவகுத்த, 1964 ஒக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிந்திய படங்களில் ஒரு சோடி மிகவும் ஏமாற்றும். மொரிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசைதான் 1957இல் இந்தியாவில் அம்பாசிடர் ஆனது. உருவம் ஏறத்தாழ ஒன்றே. தேயிலைச் சரிவைப் பின்னணியாகக் கொண்டு ஒரு குடும்பம் இந்தக் காரருகே நின்றால், இடம் அப்புத்தளையா, தாயகம் திரும்பியோருக்காக உருவான டான்டீ தோட்டங்களிருக்கும் கூடலூரா, கோத்தகிரியா? உடையும் முகமும் செடியும் ஒன்றே. காரும் ஒன்றே. தகட்டின் எழுத்து ஒன்றுதான் கடலின் எந்தப் பக்கம் என்று சொல்லும். அது தெரியாத படத்தில் இடத்தை எழுதாமல் விடுவதே நேர்மை.

புகைப்படக் கலை வைக்கும் பொறிகளும் உண்டு. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தால் நெகட்டிவ் புரட்டி அச்சடிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பெண்ணின் முந்தானை வலத்தோளில் விழுந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். பழைய பிலிம் சிவப்பை உணராது. கறுப்பாகத் தெரியும் கார் சிவப்பாக இருந்திருக்கலாம். ஸ்டூடியோத் திரையில் வரைந்த கார் காலக் கணிப்புக்கு உதவாது. டயர் தரையில் நிழல் விழுத்துகிறதா என்பதே அங்கே சோதனை.

கார் துரைத்தனத்தின் அடையாளம், அதை ஆராய்வது வரலாற்றை மீண்டும் பங்களாவுக்கே கொண்டுபோகும் என்ற ஆட்சேபம் எழலாம். ஆட்சேபத்தில் நியாயமுண்டு. ஆனால் கார் இங்கே ஆண்டு சொல்வதற்காக மட்டுமே அழைக்கப்படும் சாட்சி. அதோடு, காரின் அருகில் நிற்பவர் பல நேரம் துரையல்ல. தோட்டத்து ட்ரைவர், கிளீனர், லொறியில் சாக்கு ஏற்றியவர் என இவர்கள் இயந்திரத் தொழில் கற்ற முதல் தலைமுறைத் தொழிலாளர். கொழுந்து பறிப்பையும் கவ்வாத்தையும் எழுதிய அளவுக்கு மலையக ஆய்வு இவர்களை எழுதவில்லை. மேலும் லொறிக்கு மரத்தில் உடல் கட்டியது உள்ளூர் ஆசாரி. பெட்போர்டின் முகப்பு மட்டுமே தொழிற்சாலையிலிருந்து வந்தது. அந்த உடலின் பலகைப் பொருத்தைப் பார்த்து யார் கட்டியது என்று சொல்லக்கூடிய முதிய ட்ரைவர்களைக் கேட்டுப் பதிய வேண்டிய காலம் இது.

செய்ய வேண்டியது செலவான காரியமல்ல. கம்பளைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், நூலக நிறுவனம் போன்றவற்றின் சேகரிப்புகளில் வாகனம் உள்ள ஒவ்வொரு படத்தின் பதிவிலும் ஒரு கூடுதல் வரி போதும். 'மொரிஸ் மைனர், 1955' என்ற வரி வேண்டாம். 'மொரிஸ் மைனர், கிடைப்பட்டிக் கிரில், பிரித்த முன்கண்ணாடி, உற்பத்தி 1954–56, தகடு பாதி மறைவு, ஸ்ரீ தெரியவில்லை, படம் 1954க்குப் பின், கீழ் எல்லை திறந்தது, நிற்பவர் பெயர் கேட்டறிய வேண்டும்' என்ற வரி வேண்டும். படத்தின் பின்புறத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும்; சட்டத்திலிருந்து பிரிக்கும்போது ஓரம் வெட்டக் கூடாது, ஏனென்றால் தகடு பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கிறது.