டேக்-ஆஃப் ஆன இரண்டு விமானங்கள் நெருங்கினால் என்னாகும்?

விமானம் மேலெழும்பும்போது நாம் ஜன்னல் வழியே ஊரை வேடிக்கை பார்ப்போம். பைலட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் அதுதான் பரபரப்பான நேரம். காரணம், அருகில் பறக்கும் விமானத்தோடு இருக்க வேண்டிய இடைவெளி குறையவே கூடாது.

எவ்வளவு இடைவெளி?

விமான நிலையத்தைச் சுற்றிய ரேடார் எல்லையில், பொதுவாக உயரத்தில் 1,000 அடி இருக்கணும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் 3 கடல் மைல், அதாவது சுமார் 5.5 கிலோமீட்டர். இரண்டுமே குறைந்தால் ஆபத்து.

பெங்களூரில் என்ன நடந்தது?

2022 ஜனவரி 7, காலை. வடக்கு ஓடுபாதையில் புறப்பாடு, தெற்கில் தரையிறக்கம் என்று போய்க்கொண்டிருந்தது. திடீரென தெற்கு ஓடுபாதையை மூடிவிட்டு, வடக்கை மட்டும் பயன்படுத்த முடிவெடுத்தார்கள். ஆனால், தெற்கு டவர் கன்ட்ரோலருக்கு யாரும் சொல்லவில்லை!

அவர் புவனேஸ்வர் செல்லும் இண்டிகோ விமானத்துக்கு அனுமதி கொடுத்தார். அதே நேரம் வடக்கு டவர், கொல்கத்தா செல்லும் இண்டிகோவுக்கு அனுமதி கொடுத்தது. இணையான பாதைகளில் எழும்பிய இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கின. ரேடார் திரையில் அதைக் கவனித்த கன்ட்ரோலர், உடனே இரண்டையும் வெவ்வேறு திசையில் திருப்பச் சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

இந்தச் சம்பவம் அன்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது.

கருவி காப்பாற்றாதா?

'டிகாஸ்' என்ற மோதல் தவிர்ப்புக் கருவி, அருகில் விமானம் வந்தால் எச்சரிக்கும். 'மேலே ஏறு', 'கீழே இறங்கு' என்றும் சொல்லும். ஆனால், தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குள் அந்த உத்தரவுகளைத் தராது. அவ்வளவு தாழ்வில் கீழே இறங்கச் சொன்னால் அதுவே விபத்தாகிவிடுமே! அதனால் டேக்-ஆஃப் ஆன முதல் நொடிகளில் கன்ட்ரோலரின் கண்தான் காவல்.

1996 நவம்பர் 12-ல், டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி விமானமும் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் சர்க்கி தாத்ரி அருகே மோதி 349 பேர் இறந்தார்கள். அதன் பிறகே இந்தியாவில் இந்தக் கருவி கட்டாயமானது.

2002-ல் ஜெர்மனியின் உபெர்லிங்கனில் கருவி 'ஏறு' என்றது; கன்ட்ரோலர் 'இறங்கு' என்றார். பைலட்கள் இறங்கினார்கள். 71 உயிர்கள் போயின. இன்று, இரண்டும் முரண்பட்டால் கருவி சொல்வதைத்தான் பைலட் கேட்கணும்.

நாம் என்ன செய்யலாம்?

டேக்-ஆஃப் ஆனதும் விமானம் சட்டெனத் திரும்பினால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது வழக்கமான பாதைதான். சீட் பெல்ட் விளக்கு அணையும்வரை மட்டும் எழுந்திருக்காதீர்கள்!